அன்டிலோப் கன்யன் போறம், அம்மாவும் வாறா: மேலதா கீழதா? கைட் இல்லாமப் போகேலாதா?

மல்லிகை_தெஹிவளை, மார்ச் 2

வணக்கம் எல்லாருக்கும். மே மாசம் நானும் அம்மாவும் தம்பியைப் பாக்க லாஸ் வேகஸ் போறம். விசா கையில வந்திட்டுது, ரிக்கற்றும் போட்டாச்சு. இப்ப யோசனை ஒண்டே ஒண்டுதான்: அன்டிலோப் கன்யன்.

எங்கட குசினிச் சுவரில ஒரு பழைய கலண்டர் தொங்குது. புறக்கோட்டையில சாமான் எடுக்கிற கடையில தந்தது. அந்த வருசம் முடிஞ்சு எவ்வளவோ காலம், ஆனா ஒக்டோபர் பக்கத்தை அம்மா கழட்ட விடேல்ல. செம்மஞ்சள் பாறை, சேலை மடிப்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு நிக்குது, நடுவில மேல இருந்து ஒரு வெளிச்சத் தூண் விழுது. முதல் நாள் பாத்திட்டு "இது எந்த ஊர்க் கோயில் பிள்ளை?" எண்டு கேட்டவ. கோயில் இல்லையம்மா, அமெரிக்காவில பாலைவனத்துக்குள்ள இருக்கிற ஒரு பள்ளம் எண்டு சொன்னன். அண்டையில இருந்து மனசுக்குள்ள வைச்சிருக்கிறா.

அம்மாக்கு 67 வயசு. வலது முழங்கால் நோ. சமதரையில ஆறுதலா நடப்பா, ஏணி எண்டால் கை நடுங்கும். மேல் கன்யன், கீழ் கன்யன் எண்டு ரெண்டு இருக்காம். எது எங்களுக்குச் சரி?

மற்றது, கைட் இல்லாம உள்ள விடவே மாட்டினமாம். மூண்டு பேருக்கும் சேத்து ரூபாயில கணக்குப் பாத்தால் நெஞ்சு இடிக்குது. அமெரிக்காவில மற்றப் பூங்காக்களில நாங்களே நடந்து பாக்கலாம் எண்டு தம்பி சொல்றான். இதுக்கு மட்டும் ஏன் இப்பிடி? போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ.

காலிவீதி, மார்ச் 2

தங்கச்சி, அம்மாவோட எண்டால் மேல் கன்யன். ரெண்டாவது யோசனை வேண்டாம்.

நான் மனிசியோட ரெண்டு வருசத்துக்கு முதல் போய் ரெண்டையும் பாத்தனான். கீழதுக்கு இறங்கிறதே செங்குத்தான இரும்புப் படியில. உள்ளயும் படி, ஏணி, கால் வைக்க இடம் தேடித் தேடி வைக்க வேணும். அது அடியில ஒடுக்கம், மேல அகலம். மேல் கன்யன் அதுக்கு எதிர்மாறு: அடியில அகலம், மேல ஒடுக்கம். தரை மணல், கிட்டத்தட்ட சமன். நீளமும் ஏறத்தாழ 200 மீற்றர்தான். வண்டியில வாசலடிக்கே கொண்டுபோய் விடுவினம். ஒரு விசயத்தை மட்டும் முதலே அம்மாட்டச் சொல்லி வையுங்கோ: இப்ப ஒருவழிப் பாதை. முன்னால போய்ப் பின்னால வெளிய வந்து, பாறைக்கு மேலால இரும்புச் சரிவிலயும் படியிலயும் நடந்துதான் வண்டியடிக்குத் திரும்ப வேணும். கைபிடி இருக்கு. ஆறுதலா வந்தால் சரி.

தம்பி சொல்றது தேசியப் பூங்காக்களுக்குப் பொருந்தும். இது தேசியப் பூங்கா இல்லை, நவாஹோ எண்ட பூர்வகுடி மக்களின்ர நிலம். அவையின்ர தேசம் 71,000 சதுர கிலோமீற்றர் அளவில, அரிசோனா, யூட்டா, நியூ மெக்சிகோ மூண்டிலயும் பரந்து கிடக்கு. எங்கட இலங்கை 65,610. எங்கட முழு நாட்டையும் உள்ள வைச்சாலும் இடம் மிஞ்சும். அவைக்குச் சொந்த அரசு, சொந்தப் பொலிஸ், சொந்தச் சட்டம். உள்ள போற ஆளுக்கு நாளுக்கு 15 டொலர் அனுமதிக் கட்டணம், அதுக்கு மேல ரூர் காசு. சில கொம்பனி ரெண்டையும் சேத்துப் போடும், சிலது பிறகு கேக்கும். பதியும்போது பாத்துப் பதியுங்கோ.

தங்களை அவை டினே எண்டு சொல்லுவினம், மக்கள் எண்டு அர்த்தம். மேல் கன்யனுக்கு அவையின்ர பேர் பாறைகளுக்குள்ளால தண்ணி ஓடுற இடம். அன்டிலோப் எண்டது அங்க முந்தி மேய்ஞ்ச மான்களால வந்த பேர். அவையின்ர பேரைத்தான் நினைவில வைச்சிருங்கோ. கைட் ஏன் எண்ட கேள்விக்கு மறுமொழி அதுக்குள்ளயே இருக்கு.

கொட்டாஞ்சேனைப்_பொடியன், மார்ச் 3

அண்ணா சொன்னதுக்குக் குறுக்க ஒண்டு சொல்லட்டோ. 200 மீற்றர் ஒடுக்கத்துக்குள்ள ஒருத்தரும் வழி தவற ஏலாது. முன்னால போனா முன்னால, பின்னால வந்தா பின்னால. அங்க கைட் என்ன செய்யப் போறார்? இந்தப் பாறை கரடி மாதிரி, அந்தப் பாறை சூரியன் மாதிரி எண்டு காட்டுவார், போனை வாங்கிப் படம் எடுத்துத் தருவார். அதுக்கு மூண்டு பேருக்கு அவ்வளவு காசா?

எனக்கு இது பட்ட அனுபவம். வெளிநாட்டில ஒரு இடத்துக்குப் போக ஒரு வழிகாட்டியை வைச்சம். இடத்தைப் பத்து நிமிசம் காட்டினார், ஒண்டரை மணித்தியாலம் கல்லு மோதிரக் கடையில இருத்தி வைச்சார். அண்டையில இருந்து வழிகாட்டி எண்டாலே எனக்கு நம்பிக்கை இல்லை. இயற்கை எல்லாருக்கும் பொது. அதை ஒருத்தர் பூட்டி வைச்சுத் திறப்புக்குக் காசு கேக்கிறதை ஏற்றுக்கொள்ள ஏலாமல் கிடக்கு.

காலிவீதி, மார்ச் 3

தம்பி, உங்கட கோபம் நியாயம். அந்த ஆள் செய்தது வழிகாட்டல் இல்லை. ஆனா இந்த இடத்தை அதோட சேக்காதேங்கோ.

நாங்கள் போனது ஜூலை. வானத்தில ஒரு பஞ்சு முகில் கூட இல்லை. நீங்கள் சொன்ன அதே எண்ணம்தான் எனக்கும். எங்களைக் கூட்டிக்கொண்டு போனது முப்பது வயசு மட்டில ஒரு நவாஹோப் பிள்ளை. இடுப்பில ரேடியோ. நாங்கள் எல்லாம் சுவரையும் வெளிச்சத்தையும் பாத்து வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறம், அவ ஒவ்வொரு வளைவிலயும் ரேடியோவைக் காதடியில வைச்சு ஒரு சொல்லுச் சொல்லிட்டுத்தான் நகருறா. மனிசிதான் கவனிச்சுக் கேட்டவ: "பிள்ளை, என்னத்தைக் கேக்கிறீங்கள்?" "மழையை" எண்டா அவ.

1997 ஆகஸ்ட் 12. கீழ் கன்யன். அண்டைக்குக் கன்யனுக்கு மேல சொல்லிக்கொள்ளுற அளவுக்கு மழை இல்லை. மேற்பக்கத்தில பல மைல் தூரத்தில இடிமழை ஒண்டு கொட்டிட்டுப் போயிருக்கு. அந்தத் தண்ணி காய்ஞ்ச ஓடையால ஓடி வந்து கன்யனுக்குள்ள விழுந்தது. உள்ள நிண்ட பயணிகள் 11 பேர் செத்துப் போச்சினம். பிரான்ஸ், பிரித்தானியா, சுவீடன், அமெரிக்கா எண்டு எல்லா இடத்து ஆக்களும். அடிச்சுக்கொண்டு போனதில உயிரோட மீண்டது கூட நிண்ட ஒரு வழிகாட்டி மட்டும்தான். அந்த நேரம் இருந்த ஏணிகள் மரத்தால, அதுவும் தண்ணியோட போச்சு.

அதுக்குப் பிறகுதான் பாறையில ஆணி இறுக்கின இரும்பு ஏணி, வெள்ளம் வந்தா ஊதுற சங்கு, மேல இருந்து எறிஞ்சு ஆளை இழுக்கிற வலை, வானிலை ரேடியோ எல்லாம் வந்தது. கைட் இல்லாமல் ஒருத்தரும் இறங்கேலாது எண்டு ஆக்கினதும் அந்த வருசம்தான்.

தண்ணி அப்பிடி வாறதுக்குக் காரணம் விளங்கினால் இது மந்திரம் இல்லை. அந்தப் பக்கம் நிலம் முழுக்க வெறும் பாறையும் இறுகின மண்ணும். எங்கட வயல் மண் மாதிரி மழையைக் குடிச்சு வைக்காது. பெரிய பரப்பில விழுந்த மழை முழுக்க ஒரே ஓடைக்குள்ள வந்து சேரும். அந்த ஓடை வந்து நுழையிற இடம் ரெண்டு கையையும் விரிச்சா ரெண்டு சுவரும் முட்டுற அகலம். வாளித் தண்ணியைப் புனலுக்குள்ள ஊத்தினால் புனல் வாயில என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். நாங்கள் படம் எடுக்க நிக்கிறது அந்தப் புனல் வாய்க்குள்ள.

உள்ள நிண்டால் வானம் ஒரு நூல் அளவுதான் தெரியும். அந்த நூல் நீலமா இருந்தா நாங்கள் வெயில் எண்டு நினைப்பம். பத்து மைலுக்கு அங்கால என்ன நிறம் எண்டு எங்களுக்கு ஆர் சொல்லுவினம்? அந்தப் பிள்ளைக்கு நான் குடுத்த காசு அதுக்குத்தான்.

ஹட்டன்_மழை, மார்ச் 3

இதைப் படிச்சதும் பேசாம இருக்க முடியல. இப்ப மட்டக்குளியில இருக்கேன், பிறந்து வளர்ந்தது தோட்டத்துல.

எங்க லயத்துக்குக் கீழ ஒரு ஆறு. ஞாயித்துக்கெழம துணி தொவைக்க, குளிக்க எல்லாரும் அங்கதான். எனக்கு எட்டு ஒம்பது வயசு இருக்கும். நல்ல வெயில். முட்டிக்கால் தண்ணியில நின்னு விளையாடிக்கிட்டு இருந்தோம். அப்பா கரையில உக்காந்து சவரம் பண்ணிக்கிட்டு இருந்தாரு. திடீர்னு கத்தியக் கீழ போட்டுட்டு "ஏறு! ஏறு!"ன்னு கத்துனாரு. பாதி மொகத்துல சோப்பு. எதுக்குன்னு எங்களுக்குப் புரியல. துணியெல்லாம் கல்லு மேலயே கெடக்கு, எங்களத் தூக்கி மேல போட்டாரு. கொஞ்ச நேரத்துல தண்ணி தேத்தண்ணி நெறத்துல வந்துச்சு, நாங்க நின்ன கல்லையே காணோம்.

பொறவு கேட்டேன், எப்படிப்பா தெரிஞ்சுச்சுன்னு. காஞ்ச இலை கும்பலா மெதந்து வந்துச்சு, தண்ணி லேசாக் கலங்குச்சு, மேல ஒரு உறுமல் சத்தம் கேட்டுச்சுன்னாரு. மலை மேல மழை பேஞ்சிருக்கு. எங்களுக்கு மேல வெயில்.

கித்துல்கலைக்குக் கொழும்புல இருந்து குளிக்கப் போறவங்ககிட்ட இன்னைக்கும் நான் சொல்றது இதுதான். மேல நீர்த்தேக்கத்துல வான்கதவத் தொறந்தாலும் அதே கதைதான். ஏன், 2016 மே மாசம் வெல்லம்பிட்டி, கொலன்னாவை எல்லாம் முங்குச்சே, மழை விட்ட பொறவும் களனி ஆத்துத் தண்ணி ஏறிக்கிட்டேதானே இருந்துச்சு? தண்ணிக்கு ஊர் எல்லை தெரியாது.

பொடியன் தம்பி, அந்த ஆத்துக்கு எங்கப்பாதான் கைட். அவரு கரடி மாதிரிப் பாறைய காட்டுனதில்ல. ஆனா அவரு இல்லாம எங்க ஆயா எங்கள ஆத்துப் பக்கம் அனுப்புனதே இல்ல.

கொட்டாஞ்சேனைப்_பொடியன், மார்ச் 4

ஹட்டன் அக்கா, வாசிச்சு மேல் மயிர் கூச்செறிஞ்சு போச்சு. பாதுகாப்பு விசயத்தில நான் சொன்னது பிழை, ஏற்றுக்கொள்ளுறன்.

ஆனா இன்னும் ஒண்டு. ரேடியோ வைச்சிருக்கிற பயிற்சி பெற்ற எந்த ஆளும் போதும்தானே? ஏன் அந்த இனத்து ஆக்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேணும் எண்ட சட்டம்?

காலிவீதி, மார்ச் 4

தம்பி, 1864இல அமெரிக்க இராணுவம் நவாஹோ ஆக்களை வீடு, பயிர் எல்லாம் எரிச்சு, நூற்றுக்கணக்கான மைல் நடக்க வைச்சு நியூ மெக்சிகோவில ஒரு வெட்டையில கொண்டுபோய் அடைச்சது. வழியிலயும் அங்கயும் ஆயிரக்கணக்கில செத்தினம். நாலு வருசம். 1868இல ஒப்பந்தம் எழுதித் தங்கட மண்ணுக்குத் திரும்பி வந்தினம். தங்கட சொந்த இடத்துக்கே திரும்பி வரக் கிடைச்ச ஒரு சில பூர்வகுடிகளில அவை ஒண்டு.

அந்தக் கன்யனைச் சுத்தியிருக்கிற வெளி அவையின்ர ஆடு மேய்ச்சல் நிலம். எங்களோட வந்த பிள்ளையின்ர அம்மம்மா அதில ஆடு மேய்ச்சவவாம். மழைக்கு முதல் ஆடுகள் எந்தப் பக்கம் ஏறும் எண்டு சொல்லிக் குடுத்தது அவதானாம். வீடு பறிபோய்த் திரும்பி வாறது என்ன எண்டு எங்கட ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்த வேணுமே? திரும்பி வந்த வீட்டுக்குள்ள ஆரையாவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறது எண்டால், அந்த வீட்டுக்காரர்தான் காட்ட வேணும்.

நிழற்பெட்டி, மார்ச் 5

படம் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை, அதனால் நான்.

கலண்டரில் இருக்கும் அந்த வெளிச்சத் தூண் மேல் கன்யனில்தான் நன்றாக விழும். மார்ச் பிற்பகுதி தொடங்கி ஒக்டோபர் முதல் கிழமை வரை, உச்சி நேரத்தை ஒட்டி. சூரியன் தலைக்கு மேல் ஏறினால்தான் அந்த ஒடுங்கிய வாயால் நேரே உள்ளே இறங்க முடியும். மே மாதம் என்றால் உங்களுக்குக் கிடைக்கும். பதினொரு மணியை ஒட்டிய நேரங்கள் விலை கூட, முதலில் முடிந்து போவதும் அவைதான். இப்போதே பதியுங்கள்.

முக்காலி, செல்ஃபி தடி, ட்ரோன், முதுகுப் பை ஒன்றும் உள்ளே விடமாட்டார்கள். முன்பு படம் எடுப்பவர்களுக்கென்று தனி ரூர் இருந்தது, 2019 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். கவலைப்படத் தேவையில்லை, கையில் உள்ள போனே போதும். கைட்டிடம் கொடுத்தால் நிறத்தை எப்படி வைக்க வேண்டும் என்று அவர்களே சரி செய்து தருவார்கள். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். அந்த இடத்து நிறம் பாறையின் நிறம் மட்டுமல்ல. வெயில் மேல் சுவரில் பட்டு எதிர்ச் சுவருக்குத் தெறித்து, அங்கிருந்து கீழே தெறித்து வரும். ஒவ்வொரு தெறிப்பிலும் சிவப்பு கூடும். மேலே மஞ்சள், நடுவில் செம்மஞ்சள், அடியில் நிழல் விழும் இடத்தில் கத்தரிப்பூ நிறம். ஃபிளாஷ் அடித்தால் இவ்வளவும் போய் மண்சுவர்தான் மிஞ்சும்.

சுவரைக் கிட்டத்தில் பாருங்கள். மெல்லிய கோடுகள் சாய்வாக ஓடும். அவை காற்றுக் குவித்த மணல்மேட்டின் அடுக்குகள். கிட்டத்தட்ட 19 கோடி வருடங்களுக்கு முன் அங்கே இருந்தது மணல் பாலைவனம். அந்த மேடுகள் இறுகிக் கல்லாகின. பிறகு வெள்ளம் மணலையும் கொண்டு வந்து அரம் மாதிரி அறுத்தது. ஒவ்வொரு வெள்ளமும் இன்னும் கொஞ்சம் அறுத்துவிட்டுத்தான் போகிறது.

கல்கிசைக்_காற்று, மார்ச் 6

நேர விசயத்தில கவனம்! நாங்கள் பட்டது நீங்கள் படக் கூடாது.

அரிசோனா கோடையில மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுறதில்லை. யூட்டா தள்ளும். நவாஹோ தேசமும் அரிசோனாவுக்குள்ள இருந்துகொண்டே தள்ளும். ஆனா அன்டிலோப் கன்யன் ரூர் எல்லாம் பக்கத்தில இருக்கிற பேஜ் நகர நேரத்தில, அதாவது அரிசோனா நேரத்தில. லாஸ் வேகஸில இருந்து பேஜுக்கு 440 கிலோமீற்றர் அளவில, நாலரை மணித்தியாலம் எடுக்கும், பாதை யூட்டாவுக்குள்ளால போய் வரும். போன் தன்ர பாட்டுக்கு மணியை மாத்தும்.

எங்களுக்கு இங்க கொழும்பில ஒரு முகவர்தான் எல்லாம் பதிஞ்சு தந்தவர். இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்ல. அன்டிலோப்புக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய் வெயிலில நிண்டம், பறவாயில்லை. அடுத்த நாள் மொன்யுமென்ட் வலி எண்ட பள்ளத்தாக்குக்குப் போனம். அது நவாஹோ நேரம். அங்க ஒரு மணித்தியாலம் பிந்திப் போனம். ஜீப் போயிட்டுது. காசும் போச்சு. பிள்ளையள் ரெண்டும் வழி முழுக்க அழுதுகொண்டு வந்துதுகள். திரும்பி வந்து முகவரிட்டக் கேட்டா "நீங்கள் பாத்திருக்க வேணும்" எண்டார்.

போனில தானா மாறுறதை நிப்பாட்டி, பீனிக்ஸ் நேரம் (அதுதான் அரிசோனா நேரம்) எண்டு கையால போட்டு வையுங்கோ. ஒவ்வொரு பதிவுக்கும் எந்த நேரம் எண்டு எழுதிக் கேளுங்கோ.

மருதானை_நானா, மார்ச் 7

தங்கச்சிக்கு அமெரிக்கா சரி. ஆனா இந்த இழையை வாசிக்கிற, அவ்வளவு தூரம் போக வசதி இல்லாத ஆக்களுக்காக ஒன்று சொல்கிறேன். நான் மஸ்கட்டில ஒன்பது வருஷம் வேலை செய்தவன்.

ஓமானில ஜெபல் ஷம்ஸ் மலைக்குப் போனால் வாதி கூல் பள்ளத்தாக்கை விளிம்பில நின்று பார்க்கலாம். கிட்டத்தட்ட ஆயிரம் மீற்றர் ஆழம், கீழே பார்த்தால் பேச்சு வராது. வயசானவர்களை வாகனத்திலேயே விளிம்பு வரைக்கும் கொண்டுபோகலாம். நடக்கக்கூடிய பிள்ளைகளுக்கு வாதி ஷாப். சின்ன வள்ளத்தில கடந்து, முக்கால் மணித்தியாலம் மட்டில பாறை வழியே நடந்து, பிறகு பச்சைத் தண்ணியில நீந்தி ஒரு குகைக்குள்ள போனால் உள்ளே நீர்வீழ்ச்சி.

அங்கேயும் அதே பாடம்தான். வாதி என்றால் காய்ந்த ஆறு. மலையில மழை என்றால் வாதி வரும் என்று அங்கத்தையவர்கள் சொல்வார்கள், ஆள் வருகிறது மாதிரி. ஓடுகிற வாதியை வாகனத்தில கடக்கிறது ஓமான் சட்டப்படி குற்றம். நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை சோறு சமைத்துக் கட்டிக்கொண்டு போய், சஹன் தட்டை நடுவில வைத்து உட்கார்ந்த நேரம், அந்த ஊர்க் கிழவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து கையால எழும்பச் சொன்னார். அறபு விளங்காத பொடியன்மார் முணுமுணுத்தார்கள். நான் எழும்பச் சொன்னேன். அஸர் தொழுகைக்கு முன்னால நாங்கள் இருந்த இடத்தில தண்ணி ஓடியது. அவர் ஒரு சதமும் கேட்கவில்லை.

மல்லிகை_தெஹிவளை, மார்ச் 8

எல்லாருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை. ஹட்டன் அக்கா எழுதினதை அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன், ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னவ. மேல் கன்யன், காலமை 11 மணிக்குப் பதிஞ்சாச்சு. தம்பிட்டப் பீனிக்ஸ் நேரம் எண்டு சொல்லிப் போட்டன். வந்து எழுதுறன்.

மல்லிகை_தெஹிவளை, ஜூன் 4

வந்திட்டம். வந்து ஒரு கிழமையாகுது, இப்பதான் இருந்து எழுதக் கிடைச்சுது.

முதல் நாளே பேஜுக்குப் போய்த் தங்கினம். பின்னேரம் ஹோர்ஸ்ஷூ பெண்டுக்கு நானும் தம்பியும் மட்டும் நடந்தம். கொலராடோ ஆறு 300 மீற்றர் கீழ குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு போகுது. அம்மா காரடியில குடையோட இருந்திட்டா, அடுத்த நாளைக்குக் கால்களை மிச்சம் பிடிக்கிறன் எண்டு.

காலமை வண்டியில ஏத்தி மணல் ஓடை வழியாக் கொண்டு போச்சினம். குலுக்கல் பலம். முழங்கால் நோ உள்ள ஆக்கள் முன் இருக்கை கேட்டு வாங்குங்கோ. எங்கட கைட் ஒரு பெண், அம்பது வயசு இருக்கும், நரைச்ச பின்னல், கையில நீலக் கல்லு வளையல். அம்மா இறங்கினதும் ஒண்டும் கேக்காமல் வந்து முழங்கையில பிடிச்சா. அம்மாவை எல்லாருக்கும் முன்னால விட்டிட்டு, மற்ற ஆக்களை அம்மாட நடைக்கு நடக்கச் சொன்னா. பின்னால வந்த பொடியள் ஒரு சொல்லுச் சொல்லேல்ல.

உள்ள காலை வைச்சதும் குளிர். வெளிய வெயில் சுடுது, உள்ள பழைய கோயில் மண்டபத்துக் குளிர். அம்மா செருப்பைக் கழட்டப் போனவ, நான்தான் தடுத்தன்.

கொஞ்சத் தூரம் போனதும் அந்தப் பெண் நிண்டு, மேல பாக்கச் சொன்னா. எங்கட தலைக்கு மேல, கையை உயத்தினாலும் எட்டாத உயரத்தில, ரெண்டு சுவருக்கும் நடுவில ஒரு மரக்குத்தி குறுக்க இறுகிக் கிடக்கு. எங்கட தென்னங்குத்தி அளவு மொத்தம். பட்டை உரிஞ்சு வெள்ளையாக் கிடக்கு. சுத்திவர மரமே இல்லாத இடம். ஆர் கொண்டு வந்து வைச்சது எண்டு ஒரு பொடியன் கேட்டான். "தண்ணி" எண்டா. வேற ஒண்டும் சொல்லேல்ல. எல்லாரும் அண்ணாந்துகொண்டு நிண்டம். நான் அந்தக் குத்தியில இருந்து என்ர தலை வரைக்கும் கண்ணால அளந்து பாத்தன். வயித்துக்குள்ள என்னவோ செய்தது.

அப்பதான் அம்மா தமிழிலயே என்னட்டக் கேட்டா: "மழை எந்தப் பக்கம் பெய்தா இங்க வரும் எண்டு கேள் பிள்ளை." நான் கேட்டன். அந்தப் பெண் அம்மாவை நிமிந்து பாத்தா. இதை ஆரும் கேக்கிறதில்லை எண்டு சொல்லி, கையை நீட்டித் தெற்குப் பக்கத்தைக் காட்டினா. அங்கால மேட்டுநிலத்தில பெய்தால்தான் பயம், தலைக்கு மேல பெய்யிற மழை பெரிசில்லை எண்டா. நீங்கள் எந்த ஊர் எண்டு கேட்டா. இலங்கை எண்டன். உங்கட ஊரிலயும் இப்பிடி வருமோ எண்டு கேட்டா. அம்மா ஹட்டன் அக்காட அப்பாட கதையைச் சொன்னா. நான் மொழிபெயர்க்க, பாதி முகச் சோப்பு எண்ட இடம் வந்ததும் அவ வாயைப் பொத்திச் சிரிச்சிட்டு, பிறகு தலையை மெல்ல மெல்ல ஆட்டினா. அக்கா, உங்களைக் கேக்காமல் உங்கட கதையைச் சொல்லிப் போட்டம், மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

வெளிச்சத் தூண் பதினொண்டரை தாண்டி விழுந்தது. முதல் நூல் மாதிரி, பிறகு கை மொத்தம், பிறகு ஆள் மொத்தம். அதுக்குள்ள தூசி மேலயும் கீழயும் மிதக்குது. அம்மா ஒரு படமும் எடுக்கேல்ல. கையை மட்டும் நீட்டி வெளிச்சத்துக்குள்ள வைச்சா, உள்ளங்கை செம்மஞ்சளாப் போச்சு. பத்து நிமிசத்துக்குள்ள தூண் மெலிஞ்சு மறைஞ்சிட்டுது.

திரும்பி வாற இரும்புப் பாதையில அம்மா மூண்டு தரம் நிண்டவ. அந்தப் பெண் மூண்டு தரமும் கூட நிண்டவ. போகேக்க நன்றிக்கு அவையின்ர மொழியில என்ன சொல்றது எண்டு கேட்டன். அஹெஹே. நான் ரிப் காசு குடுக்க, அம்மா அதுக்கு மேல தன்ர கைப்பையில இருந்து ஒரு பனங்கட்டிக் குட்டானை எடுத்து அவட கையில வைச்சா. அது எப்ப பைக்குள்ள போச்சு எண்டு எனக்கே தெரியாது.

ஹட்டன்_மழை, ஜூன் 4

மன்னிப்பா? அக்கா, இத எங்கப்பாவுக்குப் போன்ல வாசிச்சுக் காட்டினேன். அவருக்கு இப்ப 74. கொஞ்ச நேரம் பேசவே இல்ல. பொறவு, அந்த ஊரு ஆத்துல இலை வருமான்னு கேட்டாரு. மரமே இல்லாத ஊருப்பான்னேன். அப்ப அவங்க எத வச்சுக் கண்டுபிடிப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருக்காரு.

கொட்டாஞ்சேனைப்_பொடியன், ஜூன் 5

அக்கா, நான் டிசம்பரில பீனிக்ஸில இருக்கிற சித்தப்பா வீட்ட போறன். மேல் கன்யன் பதியப் போறன். அந்த நேரம் வெளிச்சத் தூண் இல்லை எண்டு தெரியும், பறவாயில்லை. அந்த மரக்குத்தியைப் பாக்க வேணும். எங்க எண்டு கைட்டிட்டக் கேக்க வேணுமோ?

மல்லிகை_தெஹிவளை, ஜூன் 5

கேக்கத் தேவையில்லை தம்பி. உள்ள போய்க் கொஞ்சத் தூரத்தில அவையே நிப்பாட்டுவினம். குத்தி அதுக்குள்ள அடுத்த வெள்ளத்தோட போகாமல் இருந்தால், தலைக்கு மேல, இடப்பக்கமாச் சரிஞ்சு கிடக்கும்.